மஞ்சள் குவளையை உடைத்தவர்கள்

செத்துப்போனவர்கள் வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட வரக் கூடாது என்று மில்வாக்கி நகரத்தில் எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் மார்லிஸ் நோவோட்னி நடக்க ஊன்றும் நாலுகால் வாக்கரை டக் டக்கென்று ஊன்றிக்கொண்டு டிராம் கொட்டகைக்குள் நுழைந்தபோது அங்கே இருந்தவர்கள் முழித்த முழியைப் பார்த்திருந்தால், அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. ஒரு காலத்தில் டிராம் வண்டிகளை நிறுத்தி வைத்த இடம். தண்டவாளம் இன்னும் தரையில் பதிந்து கிடக்கிறது. இப்போது வண்டிகளுக்குப் பதில் செம்புக் கொப்பரைகள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பியர் காய்ச்சுகிறார்கள். பெயர்தான் மதுக்கடை. வெள்ளிக்கிழமை மாலை மீன் விருந்துக்குப் போனால் பாதிக் கூட்டம் குழந்தைகள். மேசைமேல் விரித்த காகிதத்தில் கிரேயானால் கிறுக்குவதும், அங்கேயே காய்ச்சிய, போதையில்லாத இனிப்பு ரூட் பியரைக் குடித்துவிட்டு யார் ஏப்பம் பெரிசு என்று போட்டி போடுவதும், மீன் வரும்வரை மேசைக்கு அடியில் தவழ்வதுமாக ஒரே அமளி. அந்த அமளி அப்படியே நின்றது. நான்கு தட்டு பொரித்த மீனை முழங்கையில் அடுக்கிக்கொண்டு வந்த ஜோலீன் ஒரு தட்டைக் கீழே போட்டாள். உருளைக்கிழங்கு அடை ஒன்று தண்டவாளத்தோடு உருண்டு போனது.

"இயேசுவே! மார்லிஸ்?"

"பின்னே யாரு, மார்லிஸோட ஆவியா? வழியை விடுடி, காலு வலிக்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை. மார்லிஸ் வழக்கம்போல முதலில் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள். அவளுடைய கொக்கியில் அவளுடைய மஞ்சள் குவளை இல்லை. பச்சையும் பொன்னுமாக வேறு ஏதோ ஒரு குவளை பல்லை இளித்துக்கொண்டு தொங்கியது.

"கர்ட்! என் குவளை எங்கடா?"

கடைக்காரன் கர்ட் தாடியைச் சொறிந்தான். ஆறடி ஆள். பியர் பீப்பாயை ஒற்றைக் கையால் உருட்டுகிறவன். பள்ளிக்கூடப் பிள்ளைபோல நெளிந்தான்.

"டிரைவரம்மா, முதல்ல உட்காருங்க."

"உட்காரத் தெரியாமலா இத்தனை வருஷம் வந்தேன்? குவளை எங்க?"

கொட்டகையில் குவளைச் சங்கம் என்று ஒன்று உண்டு. உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு ஆள். ஆளுக்கொரு மண்குவளை, அவரவர் கேட்ட நிறத்தில் குயவரிடம் சொல்லிச் செய்தது. உத்தரம் நீளாது. ஆகவே ஒருவர் ஊரை விட்டாலோ உயிரை விட்டாலோதான் அடுத்தவருக்குக் கொக்கி. உயிரை விட்டவரின் குவளையில் கடைசியாக ஒருமுறை விளிம்புவரை ஊற்றுவார்கள். எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்து, ஆளுக்கு ஒரு கதை சொல்லி முடித்ததும், கர்ட் அதைப் பின்வாசல் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுவான். சில்லுகளைத் தோட்டத்துச் சுவரில் பதிப்பார்கள். கோடையில் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து, 'இந்த நீலம் ஹெர்பர்ட், அந்தப் பழுப்பு லொரெய்ன்' என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். நல்ல வழக்கம்தான். ஆள் செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கர்ட் குனிந்து, பணப்பெட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு காப்பித்தூள் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே மஞ்சள் சில்லுகள். பனிக்காலத்தில் சிமெண்ட் பிடிக்காது. வசந்தம் வரட்டும் என்று வைத்திருந்தார்கள்.

மார்லிஸ் டப்பாவுக்குள் பார்த்தாள். கைப்பிடி மட்டும் முழுசாக இருந்தது.

மார்லிஸ் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் கோபம் ஒரு கிழவியின் கூச்சலாகத் தெரியும்; அது நியாயமில்லை. தெற்குப் பக்கத்துத் தெருக்களில் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். ஓய்வு பெறும்வரை அதே வேலை. கொட்டகையில் இன்று தாடியும் தொப்பையுமாகக் குந்தியிருக்கிறவர்களில் பாதிப்பேர் அவள் வண்டியில் மூக்கு ஒழுக உட்கார்ந்து போனவர்கள்தான். அவளிடம் திட்டு வாங்காதவன் அந்தப் பேட்டையில் புதுசாகக் குடிவந்தவனாக இருக்க வேண்டும். குவளைக்கு அந்தப் பேருந்தின் மஞ்சள்தான் வேண்டும் என்று குயவரை மூன்று தடவை திருப்பி அனுப்பியவள்.

இருட்டு விலகாத குளிர்காலக் காலைகளில் ஒவ்வொரு வாசலிலும் அவள் ஹாரன் ஒலிக்கும்: ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. பிள்ளை வரவில்லையா, இன்னொரு தடவை. அப்போதும் வரவில்லையா, பிரேக்கைப் போட்டு, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவாள். பனியை மிதித்துப் போய்க் கதவைத் தட்டுவாள். தலைகளை எண்ணி முடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டாள். ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. வண்டி அலுவலகத்தில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அவள் அங்கேயே போட்டு உடைத்தாள்: "வராத பிள்ளை ஏன் வரலைன்னு தெரியாம வண்டியை எடுத்தா, அதுக்குப் பேரு டிரைவர் இல்ல. மூட்டை ஏத்துறவ!" அதற்கப்புறமும் கண்டித்தார்கள். அதற்கப்புறமும் இறங்கினாள்.

அதிகமாக அவள் இறங்கியது ஒரே ஒரு வீட்டுக்காகத்தான். அவள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. வெண்டல் சாஸ்ட்ரோ என்கிற பையன், தினம் லேட். ஷூ ஒரு காலில், ரொட்டி வாயில், கணக்குப் புத்தகம் எங்கேயோ. ஒருநாள் காலை அந்தக் கதவு எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை. மார்லிஸ் விடவில்லை. கடைசியில் பையன் திறந்தான். உள்ளே சமையலறைத் தரையில் அவன் அம்மா பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். எவ்வளவு நேரமாகவோ அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆம்புலன்ஸ் வந்தது. அம்மா பிழைத்தாள். அன்றைக்குப் பேருந்தே பள்ளிக்கு நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. மார்லிஸ் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். ஆறு நாளும் சமையலறையில் நின்றபடியே எதையாவது தின்றுவிட்டுப் போவாள். ஏழாவது நாளான வெள்ளிக்கிழமை மட்டும் கொட்டகையில் நடு மேசையில் உட்கார்ந்து, தட்டில் போட்ட மீனை, நாலு பேரைத் திட்டிக்கொண்டு, ரை தானிய ரொட்டியோடு சாப்பிடுவாள். மனுஷர்களோடு உட்கார்ந்து அவள் உண்பது வாரத்தில் அந்த ஒரு வேளைதான்.

அப்படிப்பட்டவள் ஜனவரி நடுவில் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு பின்படியில் இறங்கும்போது பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். பையில் இருந்த போனில் தானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி, அறுவை, அப்புறம் நடக்கப் பழக்குகிற இல்லம் என்று நாலு வெள்ளிக்கிழமை போயிற்று. நேற்றுத்தான் வீடு திரும்பினாள்.

இப்போது அவள் டப்பாவை மூடி, மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"நான் செத்துட்டேன்னு எந்த மகராசன்டா சொன்னது?"

கொட்டகை முழுக்கத் தலைகள் திரும்பின. பெயரைக் கண்கள் சொல்லின. ஜன்னலோர மேசையில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த வெண்டல் சாஸ்ட்ரோ மெல்ல எழுந்தான். அவன் காது இரண்டும் அடுப்புத் தணலாகச் சிவந்திருந்தன.

"நான்தான், டிரைவரம்மா."

"நீயா! சரி. அந்தப் பச்சைக் குவளை யாரோடது?"

வெண்டல் தரையைப் பார்த்தான்.

"வாயில என்ன, மீன் முள்ளா?"

"என்னோடது. வரிசையில நான்தான் அடுத்து இருந்தேன்."

"அடி சக்கை!" மார்லிஸ் வாக்கரைத் தரையில் ஒரு குத்து குத்தினாள். "எரியிற வீட்டுல பிடுங்குனது லாபம்னு கொக்கியப் பிடுங்கிட்டியா? வீடு எரியக்கூட இல்லையேடா! நீயே கொளுத்திட்டு நீயே பிடுங்கியிருக்க!"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க. ஆம்புலன்ஸ் வந்ததைப் பார்த்தேன். ரெண்டு நாள் கழிச்சு யாரோ ஒரு ஆளு வந்தாரு. பூனையக் கூடையில வச்சு எடுத்துட்டுப் போனாரு, துணிப்பெட்டிய எடுத்துட்டுப் போனாரு, ஃப்ரிட்ஜுல இருந்ததையெல்லாம் வழிச்சுக் குப்பையில கொட்டினாரு, ஜன்னல் திரையெல்லாம் இழுத்து விட்டுட்டுப் பூட்டிட்டுப் போனாரு. நான் என்ன நினைக்கிறது?"

"அது என் அக்கா மகன்டா! பூனை பட்டினி கிடக்கக் கூடாதுன்னு மின்னசோட்டாவுல இருந்து வண்டியோட்டிக்கிட்டு வந்தவன்! பாலு கெட்டுப்போகுமேன்னு கொட்டினா அது கருமாதியா?"

"பனியும் பெஞ்சுதே," என்று முனகினான் வெண்டல். "உங்க வாசல்ல முழங்கால் உயரத்துக்குப் பனி. நீங்க இருந்தா அது கிடக்குமா?"

இதைக் கேட்டதும் நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஏனென்றால் அந்தத் தெருவில் பனி நின்ற மறுநிமிஷம் மண்வெட்டியோடு இறங்குகிறவள் மார்லிஸ்தான். தன் வாசலை வழித்துவிட்டு, அக்கம்பக்கத்து வாசலையும் வழித்துவிட்டு, எதிர்ச்சாரியைப் பார்த்து, 'எந்திரிங்கடா சோம்பேறிகளா' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அவள் வாசலில் பனி கிடந்தால் அவள் இல்லை என்றுதான் அர்த்தம். அந்தப் பேட்டைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய இறப்புச் சான்றிதழ் வேண்டியதில்லை.

"நானும் உங்க வீட்டுக்கு போன் அடிச்சேன்," என்றான் கர்ட். "யாரும் எடுக்கலை."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"ஒரு தடவை! நாலு வாரத்துல ஒரு தடவை! ஆளில்லாத வீட்டுல மணி அடிச்சா யாருடா எடுப்பா, எலியா? எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டியா? எந்தச் சர்ச்சுல அடக்கம்னு விசாரிச்சியா? பேப்பர்ல போட்டிருக்கான்னாவது பார்த்தியா? அடக்கம் பண்ணாத பொணத்துக்குச் சாவு விருந்து வச்சு மூக்குப் பிடிக்கத் தின்னிருக்கீங்க!"

"எல்லாரும் அழுதோம், மார்லிஸ்," என்றாள் ஜோலீன். "வெண்டல் தேம்பித் தேம்பி அழுதான்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்!"

ஒரு சின்னப் பெண் மேசைக்கடியில் இருந்து தலையை நீட்டி, "அம்மா, செத்தவங்க மீன் சாப்பிடுவாங்களா?" என்று கேட்டது. வெண்டலின் இளைய மகள். அவன் மனைவி அதன் வாயைப் பொத்தினாள்.

"கேக்கட்டும் விடு," என்றாள் மார்லிஸ். "இந்தக் கூட்டத்துல ஒழுங்கான கேள்வி கேட்டது இது ஒண்ணுதான்."

பிறகு அவள் வெண்டலைப் பார்த்தாள். குரல் தணிந்தது, அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

"பனி கிடக்குதுன்னு பார்த்தியே, அந்தக் கண்ணுக்குக் கதவு தெரியலையா? என் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவுல ஒரு தெருதானடா இருக்கு. கூப்பிடு தூரம்கூட இல்ல, தும்மினா கேக்கும். இங்க இருக்கிற ஒவ்வொருத்தன் வீட்டுக் கதவையும் நான் தட்டியிருக்கேன். கர்ட், உன் வீட்டுக் கதவு. அதோ அந்த மொட்டைத்தலை, உன் வீட்டுக் கதவு. வெண்டல், உன் வீட்டுக் கதவு..."

அடுத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கிக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடத் தெரிஞ்ச கிழவி பிழைச்சேன். தெரியாதவளா இருந்திருந்தா? பின்படியில விறைச்சுக் கிடந்திருப்பேன். நீங்க இங்க உட்கார்ந்து என் குவளையில ஒரு வாய் குடிச்சு, நல்ல பொம்பளைன்னு சொல்லியிருப்பீங்க. ஒருத்தன். ஒரே ஒருத்தன் வந்து கதவைத் தட்டியிருக்கக் கூடாதா?"

பதில் இருந்தது ஜோலீனுக்கு மட்டும்தான். அவளும் மார்லிஸ் வயசுக்காரி. பயப்படுகிற ஜாதி இல்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேசைமேல் எறிந்தாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லு. உன் கையில போன் இருந்துச்சுல்ல? ஏன்டி எங்களுக்கு ஒரு போன் பண்ணலை?"

மார்லிஸ் இதை எதிர்பார்க்கவில்லை. "யாரு கேக்குறாங்கன்னு பார்த்தேன்."

"பரீட்சை வச்சியா எங்களுக்கு?"

"ஆமா, வச்சேன். ஒருத்தனும் பாஸாகலை."

"பரீட்சை நடக்குதுன்னே தெரியாம நாங்க இங்க குத்துயிரும் குலையுயிருமா அழுதுக்கிட்டிருந்தோம்டி! எனக்கு மூணு நாள் பச்சைத் தண்ணி இறங்கலை. நீ அங்க படுத்துக்கிட்டு மார்க்கு போட்டுக்கிட்டிருந்தியா? உன் வீட்டு வாசப்படிய ஒரு நாள் ஒருத்தர் தாண்டியிருக்கோமா? போன கிறிஸ்துமஸுக்குக் கேக்கு கொண்டுவந்தப்ப கதவை இத்தனூண்டு திறந்து, கையை நீட்டி வாங்கிட்டுச் சாத்தினவ நீ! அந்தக் கதவை எவன் தட்டுவான்?"

இது அநியாயம் என்று மார்லிஸுக்குத் தோன்றியது. அநியாயம் இல்லை என்றும் தோன்றியது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாளே பாவி என்று பொருமினாள்.

வெண்டல் நாற்காலிமேல் ஏறித் தன் குவளையைக் கொக்கியில் இருந்து கழற்றப் போனான். கர்ட், "குயவர்கிட்டச் சொல்லிப் புதுசா செஞ்சு தர்றேன், அதே மஞ்சள்ல," என்றான்.

"வேண்டாம்! செத்தவளுக்குக் கொக்கி எதுக்கு?" டப்பாவை வாக்கரின் கூடைக்குள் போட்டாள். "இதைச் சுவத்துலயும் பதிக்க வேண்டாம். என்னைப் பிள்ளைங்களுக்குக் காட்டி, 'இந்த மஞ்சள் மார்லிஸ்'னு கதை விடவும் வேண்டாம். நான் இருக்கேன்."

வந்த வழியே டக் டக்கென்று வெளியே போனாள். மீன் சாப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடாமல் அந்தக் கதவைத் தாண்டியது அன்றுதான். வாடகை வண்டி வரும்வரை கடுங்குளிரில் நடைபாதையிலேயே நின்றாள். ஜோலீன் மீன் பொட்டலத்தோடு ஓடி வந்தாள். மார்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி கிளம்பியபோது ஜோலீன் பொட்டலத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தாள்.

அடுத்த வாரம் முழுக்க மார்லிஸ் மனசுக்குள் வழக்கு நடத்தினாள். வாதியும் அவளே, நீதிபதியும் அவளே. ஆனாலும் தீர்ப்பு வரவில்லை. டப்பாவைச் சமையலறை மேசையில் கவிழ்த்து, பசை வாங்கி, சில்லுகளை ஒட்டிப் பார்த்தாள். இரண்டு சில்லு சேர்ந்தால் மூன்றாவது நழுவியது. அடிப்பாகத்தில் ஒரு துண்டு காணவே காணோம். "ஒழுங்கா உடைக்கக்கூடத் தெரியலை முட்டாப்பசங்களுக்கு," என்று, அக்கா மகன் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்த பூனையிடம் சொன்னாள். பூனை ஒரு சில்லை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. நின்றபடியே சூப்பைக் குடிக்கப் போனால் இடுப்பு நிற்க விடவில்லை. உட்கார்ந்தால் எதிரே காலி நாற்காலி. சூப்பு ஆறிப்போயிற்று.

இனி போவதில்லை என்று சனிக்கிழமை முடிவு செய்தாள். கெஞ்சிக் கூத்தாடினாலும் போவதில்லை என்று திங்கள்கிழமை முடிவு செய்தாள். கெஞ்ச யாராவது வருகிறார்களா என்று புதன்கிழமையில் இருந்து ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. வியாழன் இரவெல்லாம் பனி கொட்டியது. காலையில் பார்த்தால் வாசலே தெரியவில்லை. மண்வெட்டி மூலையில் நின்றது; கையில் வாக்கர். வெளியே பனி கிடக்கிறது, உள்ளே அவள் இருக்கிறாள், மறுபடியும் ஊர் என்ன நினைக்கும்? 'நினைக்கட்டும். இன்னொரு தடவை சாகடிக்கட்டும். உடைக்கத்தான் குவளை இல்லையே.' அப்படி நினைத்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்காகவும் அவர்கள்மேல்தான் கோபப்பட்டாள்.

மதியம் தூங்கிப்போனாள். எழுந்தபோது மாலை. கொட்டகையில் இந்நேரம் எண்ணெய்ச் சட்டி காய்ந்திருக்கும், பிள்ளைகள் கிரேயானுக்கு அடித்துக்கொண்டிருக்கும். அவள் சூப்பு டப்பாவை எடுத்துத் திறக்கப் போனாள்.

வெளியே ஹாரன் அடித்தது. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை.

மார்லிஸ் அசையவில்லை. தெருவில் எவனோ எவனையோ கூப்பிடுகிறான்.

மறுபடியும் அடித்தது. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை.

"எந்தக் கழுதைடா அது? காது என்ன செவிடா இங்க?" என்று உள்ளேயிருந்தே கத்தினாள். நாற்காலியை விட்டு மட்டும் எழவில்லை. கையில் பிடித்த டப்பாத் திறப்பானை மேசையில் வைத்தாள். நின்றுவிடுமோ? இரண்டு தடவை அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிற டிரைவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம். பூட்ஸ் சத்தம், படியில். அப்புறம் கதவு தட்டப்பட்டது. அவள் காத்திருந்தாள். மறுபடியும் தட்டப்பட்டது, இந்தத் தடவை பலமாக. மூன்றாவது தடவை முஷ்டியால். மார்லிஸ் எழுந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். இத்தனூண்டு திறக்கவில்லை, முழுசாகத் திறந்தாள்.

வெண்டல் நின்றான். மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை. அவனுக்குப் பின்னால், படியில் இருந்து தெருவரைக்கும் பனி வழிக்கப்பட்டிருந்தது, ஒற்றையடிப் பாதையாக இல்லை, வாக்கர் தாராளமாகப் போகும் அகலத்துக்கு. அவள் தூங்கும்போது வேலை நடந்திருக்கிறது. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தாள்.

"உப்பு தூவலையே."

"தூவிட்டேன், டிரைவரம்மா. உங்க பின்படிக்கும் சேர்த்து."

அவளுக்குக் கேட்க இன்னும் ஒன்று இருந்தது. வாரம் முழுக்கத் தொண்டையில் நின்றது அதுதான்.

"அன்னிக்கு ஏன்டா தட்டலை?"

வெண்டல் கையுறையைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"தெருவைத் தாண்டி வந்தேன். உங்க படிவரைக்கும் வந்தேன், சத்தியமா. தட்டி, நீங்க திறக்கலைன்னா? அம்மா அன்னிக்குக் கிடந்தாங்களே தரையில, அது அப்படியே கண்ணு முன்னால நின்னுச்சு. திரும்பிப் போயிட்டேன். போயி, நீங்க போயிட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சொல்லிட்டா அப்புறம் கதவைத் தட்ட வேண்டியதில்லை பாருங்க."

நாற்பது வயசு ஆள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அன்று கதவைத் திறந்த பையனுக்கு ஒழுகின மாதிரியே. மார்லிஸுக்கு அவனை அறையலாம்போல இருந்தது.

"ஒவ்வொரு கதவையும் தட்டுறப்ப எனக்கு மட்டும் என்ன தைரியமா இருந்துச்சு?" என்றாள். "வயித்தைக் கலக்கும். உன் வீட்டுக் கதவுன்னா ரெண்டு மடங்கு கலக்கும். பயமா இருந்துச்சுன்னுதான்டா தட்டினேன்."

வெண்டல் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். தெருவில் அவன் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் இரண்டு பெண் பிள்ளைகளும் கண்ணாடியில் மூக்கை அழுத்தி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மீன் தீர்ந்துடும்," என்றான் அவன்.

"தீரட்டும்." மார்லிஸ் ஆணியில் தொங்கிய கோட்டை எட்டினாள், எட்டவில்லை. அவன் எடுத்துக் கொடுக்க உள்ளே வரலாமா கூடாதா என்று வாசப்படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

"உள்ள வாடா, குளிரு ஏறுது," என்றாள். "சின்ன வயசுலயும் லேட்டு, இப்பவும் லேட்டு."

கோட்டுக்குள் கையை நுழைக்க அவன் பிடித்துக்கொண்டான். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கையை நுழைக்கும் முன் அவள் திரும்பி, வண்டியில் இருந்த பிள்ளைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.